பழைய மாருதி 800-ல் நேபாள ராலிக்கு: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புவது எப்படி?

பழைய 800 நேபாளம் வரை தாங்குமா? இன்ஜின் தாங்கும். வழியில் உங்களை நிறுத்தப்போவது வயதான ரப்பரும் பொருந்தாத காகிதமும்தான். கீழே உள்ளது கார்புரேட்டர் மாடலை (796 சிசி, மூன்று சிலிண்டர்) மனதில் வைத்து எழுதியது. ராலி என்றால் பந்தயம் அல்ல, டி.எஸ்.டி. வகை: கொடுத்த சராசரி வேகத்தில், கொடுத்த தூரத்தை, சரியான நேரத்தில் முடிப்பது. ஆயில், பிளக், பேட்டரி பற்றி எழுதவில்லை. அது வழக்கமான சர்வீஸ்.

1. காகிதம்

15 ஆண்டு தாண்டிய கார் என்றால் ஆர்.சி. புதுப்பித்திருக்க வேண்டும். படிவம் 25, ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டுதல், பிறகு 5 ஆண்டுக்குச் செல்லுபடி. காலாவதிக்கு 60 நாள் முன்பே விண்ணப்பியுங்கள்.

இன்சூரன்ஸில் 'ஐ.எம்.டி.-1' என்ற எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். பாலிசி நேபாளத்திலும் செல்ல அதுதான் வழி. ஏஜென்ட் 'அதெல்லாம் வேண்டாம் சார்' என்றாலும் எழுத்தில் வாங்காமல் விடாதீர்கள்.

அடையாளத்துக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. 15 முதல் 65 வயது வரை உள்ளவர்களுக்கு ஆதார் செல்லாது. நம் ஊர்ச் சிக்கல் இனிஷியல்: ஆர்.சி.யில் எழுத்தாக இருப்பது பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். இரண்டும் ஒத்துப்போகும் அட்டையாகப் பார்த்து எடுத்துச் செல்லுங்கள். கார் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் தேவை. டிஜிலாக்கரை எல்லைக்கு அப்பால் நம்ப வேண்டாம், அசல் கையில் இருக்கட்டும்.

2. ரப்பர்

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய பெட்ரோல் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் இதற்காகச் செய்தவை அல்ல. ஹோஸ் முதலில் ஊறி மென்மையாகும், பிறகு வெடிப்பு விடும். டாங்கில் ஒட்டியிருந்த கசடையும் எத்தனால் கரைத்துக் கொண்டுவந்து ஃபில்டரை அடைக்கும். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை உள்ள எல்லா ஹோஸையும், மீதிப் பெட்ரோல் டாங்குக்குத் திரும்பும் லைன் உட்பட, ஈ-20 தாங்கும் ரகமாக மாற்றுங்கள். பழைய துண்டை வெட்டிக் கடைக்கு எடுத்துப்போனால் அளவுக் குழப்பம் இல்லை. ஓசூரில் கிடைக்காவிட்டால் பெங்களூரு ஜே.சி. ரோடு. கூடவே புது பம்ப் ஒன்று, ஃபில்டர் இரண்டு.

இனி பலரை ஏமாற்றும் விஷயம். கோடையில் கர்நூல் தாண்டி, மதிய வெயிலில் வண்டி திடீரென அணைந்து, அரைமணி கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் சூட்டில் ஆவியாகி லைனை அடைத்தாலும் இப்படி நடக்கும், இக்னிஷன் காயில் சூடானாலும் இப்படியே நடக்கும். ஆறிய பிறகு சோதித்தால் இரண்டும் நன்றாகவே இருக்கும். அதனால் அணைந்த அந்த நிமிடமே பாருங்கள். ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றி, ஆக்சிலரேட்டர் லிங்கை கையால் இழுங்கள். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சினால் குற்றம் மின்சாரப் பக்கம், காயிலை மாற்றுங்கள். வறண்டிருந்தால் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுங்கள், பத்து நிமிடத்தில் கிளம்பும். ஹோஸ் இன்ஜின் பிளாக்கை உரசிப் போகிறதா என்றும் பார்த்து விலக்கிக் கட்டுங்கள்.

மற்ற ரப்பர்: ரேடியேட்டர் ஹோஸ், டிரைவ் ஷாஃப்ட் பூட், ஃபேன் பெல்ட், மாற்றிய தேதி தெரியாத டைமிங் பெல்ட். உபரியாக இக்னிஷன் காயில், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார். ரேடியேட்டர் ஃபேனுக்கு டாஷ்போர்டிலிருந்து நேரடி ஸ்விட்ச் ஒன்று இழுத்துவிடுங்கள். தெர்மோ ஸ்விட்ச் போனால் அதுதான் காப்பாற்றும்.

3. டயர்

கம்பெனி அளவு 145/70 ஆர்12. பலர் ஆல்ட்டோவின் 145/80 ஆர்12 போடுகிறார்கள். வண்டி ஒன்றரை சென்டிமீட்டர் உயரும், நேபாளச் சாலைக்கு நல்லது, என் ஓட்டும் அதற்கே. ஆனால் ஓடோமீட்டர் உண்மைத் தூரத்தைவிட ஐந்தரை சதவீதம் குறைவாகக் காட்டும். 6-ம் படியில் இது வேலை வைக்கும்.

4. சோதனை

முழுச் சுமையோடு வத்தல்மலை ஏறுங்கள்; வெப்பமானி முள் பாதியைத் தாண்டக்கூடாது. பிறகு தொப்பூர் கணவாயை சேலம் பக்கம் இரண்டாம், மூன்றாம் கியரில் இறங்குங்கள். பிரேக் பெடல் ஆழமாக இறங்கினால் பிரேக் ஆயில் நீர் கோத்திருக்கிறது. முழுதாக மாற்றி, காற்றை எடுங்கள்.

5. வழியும் எல்லையும்

என்.எச்.44-ல் பெங்களூரு, கர்நூல், ஹைதராபாத் வெளிவட்டச் சாலை, நாக்பூர். பிறகு ஜபல்பூர், ரேவா, வாரணாசி, கோரக்பூர், சுனௌலி. கிருஷ்ணகிரியிலிருந்து 2,000 கி.மீ.க்கு மேல். டெல்லி வழியாகச் சுற்ற வேண்டாம், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு அங்கே தொல்லை.

சுனௌலியில் நேபாளப் பக்கம் பெலஹியா. அங்கே 'பன்சார்' என்னும் சுங்க அனுமதி, நாள் கணக்கில் கட்டணம். அடுத்து போக்குவரத்து அனுமதி. ராலி நாட்களுக்கு மேல் இரண்டு நாள் கூடுதலாகவே எழுதி வாங்குங்கள். நூறு ரூபாய் நோட்டுகள் வைத்திருங்கள். இந்திய நூறு ரூபாய் அங்கே நூற்றறுபது.

6. ஓடோமீட்டர் திருத்தம்

அமைப்பாளர் அளந்து தரும் பகுதியை முதலில் ஓட்டுங்கள். அவர் 10 கி.மீ. என்பதை உங்கள் மீட்டர் 9.46 காட்டினால், பெருக்கு எண் 10 ÷ 9.46 = 1.057. மீட்டரில் தெரியும் ஒவ்வொரு தூரத்தையும் இதால் பெருக்கினால் அவருடைய தூரம். இதற்குப் பிறகு டயரை மாற்றவோ, காற்றைக் குறைக்கவோ கூடாது.

நேரக் கணக்கு: 3600-ஐ சராசரி வேகத்தால் வகுத்தால் ஒரு கி.மீ.க்கு ஆகும் விநாடி. 24 என்றால் 150, 30 என்றால் 120, 36 என்றால் 100, 40 என்றால் 90. இதை அட்டையில் எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்லும் நேவிகேட்டர் மடியில் வையுங்கள். செல்போன் ஆப்பைவிட அட்டை மேல். முந்திப் போனாலும் அபராதம் உண்டு, பல ராலிகளில் பிந்தியவனைவிட அதிகம்.

பின்சேர்க்கை: நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முன்னால். செல்போன் தானாக மாறும், கைக்கடிகாரம் மாறாது. எது எப்படியோ, கிளம்புமுன் மார்ஷலின் (நேரம் குறிக்கும் ராலி அதிகாரி) கடிகாரத்தோடு விநாடி வரை ஒத்துவையுங்கள். மலை உயரத்தில் ஐடில் (நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) இறங்கி வண்டி அணைந்தால் ஐடில் ஸ்க்ரூவைக் கால் சுற்று ஏற்றினால் போதும், கார்புரேட்டர் ஜெட்டைத் தொடாதீர்கள். பன்சார் நாள் முடிவதாக இருந்தால் முடியும் முன்பே அங்குள்ள சுங்க அலுவலகத்தில் நீட்டித்துவிடுங்கள்.