டி.சி., தமிழ் வழி, சாதிச் சான்று: கேரள எல்லையோரப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் பிறந்துவிட்டால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கத்துப் பள்ளிகளில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "டி.சி. வந்துவிட்டதா?" பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்குப் போன குடும்பம் சித்தூர் தாலுகாவுக்குத் திரும்பியிருக்கும். போடியில் பாட்டி வீட்டிலிருந்து படித்த பிள்ளை மூணாறு எஸ்டேட்டுக்கு வந்திருக்கும். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழைத் தராமல் இழுத்தடிக்க, அது கைக்கு வரட்டும் என்று பெற்றோர் பிள்ளையை வீட்டிலேயே உட்கார வைத்திருப்பார்கள். எல்லையோரத்தில் அதிகம் நடக்கும் தவறு இது. கொஞ்சமும் தேவையில்லாத தவறும் இதுதான்.

கல்வி உரிமைச் சட்டம் எனப்படும் கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளை எந்தக் காரணத்துக்காகவும் வேறு அரசுப் பள்ளிக்கோ எய்டட் (அரசு உதவி பெறும்) பள்ளிக்கோ மாறலாம் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. மாநிலத்துக்குள் மட்டுமல்ல, வெளி மாநிலத்துக்கும் இது பொருந்தும் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். தலைமையாசிரியர் டி.சி.யை உடனே தர வேண்டும். தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். பலருக்குத் தெரியாத வரி இதற்கு அடுத்து வருகிறது: டி.சி. வரவில்லை என்பதைக் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் மறுக்கக் கூடாது (14ஆம் பிரிவு). கல்வியாண்டு தொடங்கிய பிறகு வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் (15ஆம் பிரிவு). இரண்டு ஆண்டு படிப்பு விட்டுப்போன பிள்ளையையும் அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துத் தனிப் பயிற்சி தர வேண்டும் (4ஆம் பிரிவு). தனியார் சுயநிதிப் பள்ளிக்கு மாறுவதற்கு இந்த 5ஆம் பிரிவு உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தலைமையாசிரியர் ஏன் தாமதிக்கிறார்? அவர் பொல்லாதவர் என்பதாலல்ல. கேரளத்தில் பள்ளி திறந்த ஆறாவது பணிநாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அந்த ஆண்டுக்கான ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுகிறார்கள். தமிழ் வழி வகுப்புகளில் ஏற்கெனவே தலை குறைவு. நான்கு பிள்ளைகள் போனால் ஒரு டிவிஷன் (வகுப்புப் பிரிவு) போகும், டிவிஷன் போனால் ஒருவரின் வேலை போகும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்காக ஒரு பிள்ளையின் டி.சி.யைப் பிடித்து வைப்பது சட்ட மீறல். போன பிள்ளையை வருகைப் பதிவேட்டில் உயிரோடு வைத்திருப்பது அதைவிடப் பெரிய வம்பு. ஆதார் எண்ணோடு கணக்குப் பார்க்கும் காலத்தில் அது மறைவதும் இல்லை.

பெற்றோர் தரப்பிலும் இதற்கு ஈடான ஒரு தவறு உண்டு. சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எல்லை தாண்டிவிடுவார்கள். அந்தப் பிள்ளையின் பெயர் கேரளத்தின் சம்பூர்ணா, தமிழ்நாட்டின் எமிஸ் என்ற இரண்டு இணையவழி மாணவர் பதிவேடுகளிலும் ஒரே சமயத்தில் நிற்கும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்த முடிச்சு தெரியவரும்.

வாயால் கேட்பதும் தவறான வாசலில் கேட்பதும்

"மூன்று முறை போய்க் கேட்டேன், தரவில்லை" என்பார்கள். எழுதிக் கொடுத்தீர்களா என்று கேட்டால் பதில் இருக்காது. வாயால் கேட்டதற்குச் சட்டத்தில் தடயம் கிடையாது. கேட்டதும் மறுத்ததும் தாளில் இருந்தால்தான் மேலே போக முடியும். ஆறு வரி போதும்:

"பொருள்: மாற்றுச் சான்றிதழ் கோருதல். தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு பி பிரிவில் படிக்கும் என் மகள், குடும்பம் இடம் மாறியதால் வேறு பள்ளியில் சேர்கிறாள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5(3) பிரிவின்படி மாற்றுச் சான்றிதழை உடனே தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தர இயலாது என்றால் காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பள்ளி முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை போட மறுத்தால் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுப்பை எழுதித் தர யாருக்கும் கை வராது. பல இடங்களில் டி.சி. வெளியே வருவதே அந்த வரியால்தான்.

மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்குபவர்கள் உண்டு. அக்ஷயா என்னும் கேரள அரசு இ-சேவை மையத்தில் காசு கொடுத்து, தாங்களே படித்துப் பார்க்க முடியாத மனுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. 1969ஆம் ஆண்டு கேரள அலுவல் மொழிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தங்கள் மொழியிலேயே எழுதலாம் என்கிறது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே எழுதலாம். பதிலும் அதே மொழியில் வர வேண்டும். அரை நூற்றாண்டு தாண்டிய இந்த உரிமையை நம்மவர்கள் பயன்படுத்துவது அபூர்வம்.

வாசல் விஷயத்துக்கு வருவோம். பள்ளி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து அதிகாரியிடம்தான் முறையிட வேண்டும். பிள்ளையின் வீடு எந்தப் பக்கம் என்பது கணக்கில் இல்லை. கேரளப் பள்ளியைப் பற்றிக் கோயம்புத்தூர் ஆட்சியரிடம் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பது வீண் வேலை. கேரளத்தில் எல்.பி., யு.பி. (தொடக்க, நடுநிலை) பள்ளிகளுக்கு ஏ.இ.ஓ. (உதவிக் கல்வி அலுவலர்), உயர்நிலைப் பள்ளிகளுக்கு டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்). தமிழ்நாட்டுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் செய்தால் மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமை ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இன்னொரு பொறி: எல்லாப் பள்ளிக்கும் கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டுவது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அரசு உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும், இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த நிலைப்பாட்டை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு ஒன்று கூறியிருக்கிறது. ஆனாலும் பெரிய அமர்வு முடிவெடுக்கும்வரை பழைய தீர்ப்புதான் நிற்கும். பாலக்காட்டிலும் இடுக்கியிலும் கிறிஸ்தவச் சபைகள் நடத்தும் எய்டட் பள்ளிகள் ஏராளம். அங்கே கேரளக் கல்வி விதிகளைக் காட்டி எழுதுவதே பலன் தரும்.

தமிழ் வழிக்கு எவ்வளவு உரிமை?

இதில் மிகையாக நம்புபவர்களும் உண்டு, ஒன்றுமே கிடையாது என்று கைவிட்டவர்களும் உண்டு. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய மாநிலம் முயல வேண்டும் என்கிறது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது சேர்க்கப்பட்ட பிரிவு அது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்ற ஆண்டும் அதுதான். அது பேசுவது தொடக்கக் கல்வியைப் பற்றி மட்டுமே. பிளஸ் டூ வரை தமிழ் வழி வேண்டும் என்று அந்தப் பிரிவை வைத்து மட்டும் வாதாடினால் நிற்காது. கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவும் "இயன்றவரை" தாய்மொழி என்றுதான் சொல்கிறது. அந்த "இயன்றவரை" அதிகாரிகளுக்குப் பிடித்தமான வார்த்தை.

எனவே உணர்ச்சியோடு எழுதும் மனுவைவிடத் தலைக்கணக்கோடு எழுதும் மனுவுக்கே வலு அதிகம். பள்ளி முழுவதிலும் 40 பிள்ளைகளோ ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ அந்த மொழி பேசினால் ஓர் ஆசிரியராவது தர வேண்டும் என்று 1949இல் மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்கை வகுத்தது. அது சட்டமல்ல, கொள்கை முடிவுதான். ஆனாலும் "எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழாசிரியர் வேண்டும்" என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, பிள்ளைகளின் பெயர், வகுப்பு, வீட்டு மொழி, பெற்றோர் கையெழுத்து என்று ஒரு பட்டியலை இணைத்துப் பாருங்கள். அந்தக் கோப்பை ஒதுக்கி வைப்பது அவ்வளவு சுலபமல்ல. தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் வழி வகுப்புக்கு நியமிக்கப்பட்டால் முதல் வாரமே எழுத வேண்டும். காசர்கோட்டுக் கன்னடப் பெற்றோர் இதே பிரச்சினையில் பள்ளி வாசலில் உட்கார்ந்து போராடியது நமக்குத் தெரிந்த செய்திதான்.

மலையாளத்தை ஒரு பாடமாகப் படிப்பதையும் மலையாள வழியில் படிப்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயமாகக் கற்பிக்க 2017இல் கேரளம் சட்டம் இயற்றியது. அது வந்ததால் தமிழ் வழி மூடப்படும் என்று சிலர் பயந்து பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்கு மாற்றினார்கள். என் பார்வையில் அது அவசர முடிவு. இந்த மண்ணில் வேலை தேடப்போகும் பிள்ளைக்கு மலையாளம் எழுதத் தெரிவது லாபமே தவிர நஷ்டமல்ல.

மாற்றுவதாக இருந்தால் ஆறாம் வகுப்புக்கு முன்பே யோசித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, அங்குள்ள அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு உரியது. கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியிலேயே படித்திருந்தாலும் அது கணக்கில் வராது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்ற உயர்கல்வி உதவித் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் தமிழ்நாட்டுப் பள்ளிப் படிப்பை ஒட்டியதே. பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து கேட்பவர்களிடம் சொல்ல எதுவும் இருப்பதில்லை.

ஆசிரியர்களும் ஊழியர்களும்

இங்கே ஒரே ஒரு தவறு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகத் தெரிந்ததும், "முதலில் நாம் விசாரிப்போம்", "பி.டி.ஏ.வில் (பெற்றோர் ஆசிரியர் கழகத்தில்) பேசிக்கொள்வோம்", "பள்ளிப் பெயர் கெடும்" என்று உள்ளுக்குள்ளேயே முடிக்கப் பார்ப்பது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவின்படி, அப்படி ஒரு சந்தேகம் வந்தாலே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும். உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது ஆசிரியரின் வேலையல்ல. சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை. சம்பவம் எல்லைக்கு அந்தப் பக்கம், பிள்ளையின் வீடு இந்தப் பக்கம் என்ற தயக்கமும் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, எல்லை பார்க்காமல் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். குழந்தைகள் உதவி எண் 1098 இரண்டு மாநிலங்களிலும் வேலை செய்யும்.

அடிப்பது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. "பெற்றோரே அடிக்கச் சொன்னார்கள்" என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவின் முன் தற்காப்பாகாது. அடிக்கச் சொல்லும் பெற்றோருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

வேலை தேடி எல்லை தாண்டி வரும் இளம் ஆசிரியர்கள் ஏமாறும் இடம் வேறு. எய்டட் பள்ளி மேனேஜர் தரும் நியமன உத்தரவு மட்டும் வேலையாகாது. கல்வி அதிகாரியின் அங்கீகாரம் வந்தால்தான் அரசுச் சம்பளம் வரும். பணியிடம் இருக்கிறதா, தமிழ்நாட்டுப் பட்டயத்துக்கு இங்கே சமநிலைச் சான்று வேண்டுமா, கே-டெட் (கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு) தேர்ச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் மேனேஜரிடம் பணம் கட்டிவிட்டு, ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் பாடம் நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பை அறிந்திருக்க வேண்டும். ஓய்வு பெற ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பெயரும் சாதிச் சான்றும்

தமிழ்நாட்டில் "எம். செல்வி". கேரளப் பதிவேட்டில் "செல்வி எம்". ஆதாரில் அப்பா பெயரையும் சேர்த்து "செல்வி முருகன்". மூன்றும் ஒரே பிள்ளைதான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். இதைப் பள்ளி அட்மிஷன் ரிஜிஸ்டரில் இருக்கும்போதே சரிசெய்வது சுலபம். எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ் அச்சாகிவிட்டால் திருவனந்தபுரத்துத் தேர்வு அலுவலகமான பரீட்சா பவன் வரை போக வேண்டிவரும். பத்தாம் வகுப்பில் பெயர் சரிபார்க்கத் தரும் தாளைப் பிள்ளையிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடாமல், ஆதாரைப் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

சாதிச் சான்றில் நேரும் தவறுதான் நீண்ட காலம் வலிக்கும். ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருப்பவர், இடம்பெயர்ந்த மாநிலத்தில் அதே சலுகையைக் கேட்க முடியாது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாதியின் பெயர் இரண்டு மாநிலப் பட்டியல்களிலும் ஒன்றாகவே இருந்தாலும் இதே நிலைதான். அதனால் கேரளத்தில் சான்று பெற, பட்டியல் சாதி ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10க்கு முன்பே குடும்பம் கேரளப் பகுதியில் வாழ்ந்தது என்று காட்ட வேண்டியிருக்கிறது. மூன்று தலைமுறையாகத் தேயிலை பறித்த குடும்பத்திடம் நிலப் பட்டா எங்கே இருக்கும்? எஸ்டேட் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீட்டின்) முகவரிதான் இருக்கும். அவசரத்துக்குச் சொந்த ஊர் போய்த் தமிழ்நாட்டுச் சான்று வாங்கி வருகிறார்கள். அந்தத் தாளே பிறகு "இவர்கள் இடம்பெயர்ந்தவர்கள்" என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது.

அதற்கு முன் தேட வேண்டியது தாத்தாவோ அவருடைய அண்ணன் தம்பிகளோ படித்த பழைய பள்ளியின் அட்மிஷன் ரிஜிஸ்டர். ஒரே ஆண்டு படித்திருந்தாலும் பெயர், தகப்பன் பெயர், சாதி, சேர்ந்த தேதி எல்லாம் அதில் இருக்கும். அரசுப் பள்ளியானாலும் எய்டட் பள்ளியானாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிச் சான்றிட்ட நகல் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். எஸ்டேட்டின் பழைய வேலைப் பதிவு, சர்ச் அல்லது கோயில் கணக்கு, பழைய வாக்காளர் பட்டியல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லேஜ் ஆபீஸில் முடியாது என்றால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு தாலுகா சட்டப் பணிக் குழுவுக்குப் போங்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பிள்ளையின் பெயரிலேயே விண்ணப்பித்துவிடலாம்.