கிளைக் கடைகளுக்கு மெனு மென்பொருள்: தவிர்க்க வேண்டிய பிழைகள்

வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவு என்று நான்கு ஊரில் கிளை வைத்திருக்கும் ஒரு சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொள்வோம். முதலாளி கேட்பது ஒன்றுதான்: "விலையை ஒரு இடத்தில மாத்தினா நாலு கடையிலயும் மாறோணும்." மென்பொருள் செய்பவரும் சரி என்று பெயர், விலை, இருக்கா இல்லையா என்று ஒரே அட்டவணையைப் போட்டுவிடுவார். பிழை அங்கேயே தொடங்குகிறது.

சாப்பாட்டின் பெயர் வருடக்கணக்கில் மாறாது. விலை மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2022 நெருக்கடி நேரத்தில் அதைவிட வேகமாக மாறியது. இருப்பு மணிக்கு மணி மாறும். மாற்றுகிற ஆட்களும் வேறு வேறு. பெயரும் விலையும் தலைமைக் கடையின் பொறுப்பு, இருப்பு அந்தந்தக் கிளைக் குசினியின் பொறுப்பு. மூன்றையும் ஒரே வரியில் அடைத்தால், மாங்குளத்தில் இடியப்பம் முடிந்தது என்று ஒருவர் அழுத்த, வவுனியாவிலும் இடியப்பம் காணாமல் போகும். இதற்குப் பயந்து கிளைக்கு ஒரு முழுப் பிரதி எடுத்துக் கொடுப்பவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். சில மாதத்தில் நான்கு பிரதியும் நான்கு திசையில் போய்விடும். பொதுப் பட்டியல் ஒன்று இருக்க, கிளை தன் வேறுபாட்டை மட்டும் வைத்திருக்க வேண்டும். முல்லைத்தீவில் நண்டுக் கறிக்கு வேறு விலை என்றால் அந்த விலை மட்டும்தான் கிளையுடையது; பெயரும் படமும் பொதுப் பட்டியலில் இருந்தே வரட்டும்.

அடுத்தது கொத்து ரொட்டி. முட்டை, கோழி, ஆடு, இறால், மரக்கறி என்று ஐந்து வகை. சாதாரணம், முழு என்று இரண்டு அளவு. உறைப்பு கூட, அளவாய், குறைவு என்று மூன்று. ஒவ்வொரு சேர்க்கையையும் தனிச் சாப்பாடாகப் பதிந்தால் 30 வரிகள். கோழி விலை ஏறும் நாளில் ஆறு வரியைத் தேடித் திருத்த வேண்டும், ஒன்றாவது தப்பும். வகையும் அளவும் விலையைத் தீர்மானிப்பவை. உறைப்பு விலையைத் தொடாது, குசினிச் சீட்டில் வந்தால் போதும். இந்த இரண்டையும் முதல் நாளே பிரித்து வைத்தால் 'பார்சல்' என்பதற்குப் பெட்டிக் காசு சேர்ப்பதும் இலகு.

இருப்பைப் பற்றி இன்னும் சொல்ல இருக்கிறது. 'இல்லை' என்பதில் மூன்று வகை உண்டு: இந்த வேளைக்கு முடிந்தது, இன்றைக்கு இல்லை, இந்தக் கிளையில் எப்போதுமே இல்லை. ஒற்றை ஆம்/இல்லைப் பெட்டி வைத்தால், இரவு முடிந்த புட்டு மறுநாள் காலையிலும் முடிந்ததாகவே கிடக்கும்; யாரும் திருப்பிப் போடமாட்டார்கள். முதல் வகை அடுத்த வேளைக்குத் தானாகத் திறக்க வேண்டும். மாரியில் கடலுக்குப் போகமுடியாமல் மீன் வராத நாள் இரண்டாம் வகை. அதை அழுத்துகிறவர் கையில் மாவும் எண்ணெயும் இருக்கும். நான்கு திரை தாண்டிப் போய் அமத்து என்றால் அவர் அமத்தமாட்டார், காசாளரைக் கூப்பிட்டுக் கத்துவார். பெரிய பொத்தான், முதல் திரையில்.

விலைக்கு எப்போதும் 'எப்போதிலிருந்து' என்ற திகதியும் நேரமும் வேண்டும். பழைய விலையின் மேல் புதியதை எழுதிவிட்டால், போன மாதக் கணக்கு இந்த மாத விலையில் வந்து நிற்கும். ஓடர் எடுத்த நிமிடத்தில் இருந்த விலையை ஓடரோடேயே பிரதி எடுத்து வைக்க வேண்டும். மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு நடுவில் விலை ஏறக்கூடாது. வரி வீதத்தை நிரலுக்குள் எழுதி வைப்பதும் இதே பிழைதான். வற் வரி 2022 ஜூனில் 12 வீதம், செப்டெம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என்று ஏறியது. வீதம் மாறும் நள்ளிரவில் மென்பொருள்காரரைத் தேடி அலையும் கடை உருப்படாது.

நாட்காட்டியிலும் கவனம் வேண்டும். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடுகள் இங்கே ஏராளம். அன்றைக்கு மரக்கறி மேலே வர வேண்டும். ஆனால் 'வெள்ளி' என்ற கிழமை விதியோடு நிறுத்திவிட்டால் போதாது. போயா நாளும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் வைகாசிப் பொங்கலும் ஒவ்வொரு வருடமும் வேறு திகதியில் வரும். பொங்கலுக்குச் சனம் திரளும்போது முல்லைத்தீவுக் கிளை ஓட்டும் பட்டியல் வேறு. திகதியைக் கடைக்காரரே குறிக்க விட வேண்டும்.

மின்சாரமும் இணையமும் போகும் என்று வைத்தே வடிவமைக்க வேண்டும். பொதுப் பட்டியலின் பிரதி ஒன்று கிளைக் கணினியிலும் இருந்து, தொடர்பு வந்ததும் தலைமையோடு தானாக ஒத்துப்போக வேண்டும். இரண்டு இடத்திலும் மாற்றியிருந்தால் 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்று விடுவது சுலபம்தான். ஆனால் பழைய கணினியில் பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கும். அப்புறம் எது கடைசி? விலையைத் தலைமை மட்டும், இருப்பைக் கிளை மட்டும் எழுதுவது என்று பிரித்துவிட்டால் மோதுவதற்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

வெளியூரில் செய்த மென்பொருள்கள் இங்கே அதிகம் தடுக்கி விழுவது தமிழ் எழுத்தில்தான். 'கொத்து' கண்ணுக்கு மூன்று எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினிகள் பொதுவாக வைத்திருக்கும் யுனிகோட் முறையில் ஆறு குறியீடு. அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். பைட் கணக்கில் நீளத்தை வெட்டினால் பெயர் நடுவில் உடையும். அதோடு, 'ொ' ஒரே குறியீடாகவும் வரும், 'ெ', 'ா' என்று இரண்டாகப் பிரிந்தும் வரும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. யுனிகோட் அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலை மாற்றிக் கொண்டுவரும்போது இரண்டும் கலந்துவிடலாம். பிறகு காசாளர் 'கொத்து' என்று தேடினால் பாதிதான் வரும். சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது சில வரி நிரல்தான். பில் பிரிண்டரையும் நம்ப வேண்டாம். சாதாரணத் தெர்மல் பிரிண்டர்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துருவே இல்லை. வரியைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டும்.

ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகும் பஸ் சனத்தில் சிங்களம் பேசுவோரும் நிறையப் பேர். மூன்று மொழியையும் ஒரே பெயர்ப் பெட்டியில் சாய்கோடு போட்டு எழுதாமல், மொழிக்கு ஒரு பெட்டி கொடுங்கள். பில் சிங்களத்தில் போனாலும் குசினிச் சீட்டு தமிழில் போகட்டும்.

சாப்பாட்டை அழிக்கும் பொத்தான் வேண்டவே வேண்டாம், ஒதுக்கி வைக்கும் பொத்தான் போதும். கணினியில் விலை மாறும் நேரத்துக்குச் சுவரில் இருக்கும் விலைப் பலகையும் மாற வேண்டும். விலையை மக்கள் பார்க்க வைப்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கடைக்காரரின் கடமை. ஆகவே விலை மாற்றத்தை அனுப்பியதும், கிளையில் அச்சிட ஒரு புதிய பட்டியல் தானாக வர வேண்டும். பலகை மாற்றியாயிற்று என்று பொறுப்பாளர் அமத்திய பிறகு புதிய விலை ஓடட்டும்.