பெங்களூரு மொட்டை மாடியிலிருந்து டௌ பூட்டிஸைக் காணும் முறை

டௌ பூட்டிஸ், பூட்டிஸ் என்னும் விண்மீன் கூட்டத்தில் உள்ள ஒரு மங்கலான மஞ்சள்-வெள்ளை விண்மீன். அதன் பொலிவெண் (எண் கூடக்கூட ஒளி மங்கும் அளவுகோல்) 4.5 என்பதால் இருண்ட கிராமத்து வானில் வெறுங்கண்ணுக்கே தெரியும். அல்சூரில் எங்கள் மொட்டை மாடியிலோ தெருவிளக்கு வெளிச்சம் வானத்தை வெளுக்கவைப்பதால் பைனாகுலர் இல்லாமல் தென்படாது. மூன்று இரவுகள் தேடித் தவறவிட்டு, நான்காம் இரவில்தான் அதைக் கண்டேன்.

மே மாதப் பிற்பாதியில், கோடை மழை தூசியைக் கழுவிவிட்டுப் போன ஓர் இரவில் ஒன்பதரை மணியளவில் மாடிக்குச் சென்று, கைப்பேசியை அணைத்துவிட்டு, இருபது நிமிடம் கண்களை இருளுக்குப் பழக்குங்கள். உச்சிக்கு அருகே ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது சுவாதி.

நான் தடுமாறியது இதற்கு அடுத்த கட்டத்தில். டௌ பூட்டிஸ் பெங்களூருவில் ஏறத்தாழ நேர் உச்சியைக் கடப்பதால், நின்றபடி அண்ணாந்து தேடும்போது கழுத்து வலிக்கிறது, கை நடுங்குகிறது, உடலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் வலமும் இடமும் மாறிவிடுகின்றன. பாயை விரித்து, தலை வடக்கிலும் கால் தெற்கிலுமாக மல்லாந்து படுத்த பிறகே வானம் வரைபடத்தோடு பொருந்தியது: மேற்கு வலக்கைப் பக்கம், தெற்கு கால் பக்கம். வடக்கே தலைவைத்துப் படுக்கலாகாது என்று அம்மா தடுத்தார். உறங்கப் போவதில்லை என்று சொல்லிச் சம்மதம் பெற்றேன்.

இனி, சுவாதியிலிருந்து வலப்புறம் ஐந்து பாகை நகர்ந்தால் முஃப்ரிட் என்னும் விண்மீன் தெரியும். அங்கிருந்து வலமாகவும் கால் பக்கமாகவும் சரிவாக இரண்டு பாகை சென்றால் டௌ பூட்டிஸ். இதற்கு 10×50 பைனாகுலரையே (பத்து மடங்கு உருப்பெருக்கம், 50 மி.மீ. முகப்பு வில்லை) பரிந்துரைப்பேன். அதற்கு மேல் உருப்பெருக்கம் கூடினால் காட்சிப் பரப்பு குறுகி, வழிகாட்டும் விண்மீன்கள் வெளியே போய்விடும்.

நிறத்தை உணர, சுவாதியையும் இதையும் மாறிமாறிப் பாருங்கள். சுவாதியின் மேற்பரப்பு ஏறத்தாழ 4,300 கெல்வின், இதனுடையது ஏறத்தாழ 6,400 என்பதால் இது வெளுப்பாகத் தெரியும். சூரியனைவிடச் சற்றே வெப்பமும் நிறையும் மிகுந்த இவ்விண்மீன் 51 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வியாழனைவிடப் பன்மடங்கு நிறை கொண்ட கோள் ஒன்று 3.3 நாளில் இதைச் சுற்றிவருவது 1996-இல் அறிவிக்கப்பட்டது. அக்கோள் நம் கருவிக்குத் தெரியாது.

பிற்சேர்க்கை: இம்முறையைப் பின்பற்றிய சிலர், தெற்கே ஒன்றரைப் பாகைக்குச் சற்று அப்பால் உள்ள உப்சிலான் பூட்டிஸை இதுவென்று எண்ணிவிட்டனர். அது இதைவிடச் சற்றுப் பொலிவானது, ஆரஞ்சு நிறமுடையது. முஃப்ரிட்டிலிருந்து இறங்கும்போது முதலில் வரும் வெளுத்த விண்மீனே நாம் தேடுவது.