கொள்முதல் என்று தேடினால் பாதிக் கோப்புகள் வரவில்லை

அலுவலகக் கோப்புகளுக்குத் தேடல் தளம் தேர்வு செய்ய இரண்டை ஒரே கோப்புக் குவியலில் சோதித்தேன். ‘கொள்முதல்’ என்று தேடினால் இரண்டிலும் பாதிக் கோப்புகள் வரவில்லை. அனுமதிகளைச் சரிபார்த்தேன், தேடலுக்கான சொற்பட்டியலை (இண்டெக்ஸ்) முழுவதும் மறுபடி உருவாக்கினேன், உரையைச் சொற்களாகப் பிரிக்கும் டோக்கனைசரை மாற்றினேன். நான்கு நாள் போனது. இரண்டையுமே ஒதுக்கிவிட இருந்தேன்.

அப்புறம் கவனித்தேன்: வராத கோப்பிலிருந்து அந்தச் சொல்லை நகலெடுத்துத் தேடினால் அது வருகிறது! யூனிகோட் குறிகளை (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் எண்களை) எண்ணினால் நான் தட்டச்சு செய்ததில் 9, கோப்பில் 10. ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியாகவும் (0பிசிஏ) எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் (0பிசி6, 0பிபிஇ) எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. கொ, கோ, கௌ வரிசைகளிலும் ஔ எழுத்திலும் மட்டும்தான் இந்தச் சிக்கல். ‘பட்டியல்’ எப்போதும் ஒழுங்காகவே வந்தது.

இரண்டில் ஒன்றான எலாஸ்டிக்சர்ச்சில் ஐசியு பிளகினை (யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் கூடுதல் நிரல்) நிறுவி, இருவிதமாக எழுதியதை ஒரே வடிவமாக்கும் அதன் நார்மலைசரை, உரையைத் தேடலுக்குத் தயார் செய்யும் அனலைசரில் சேர்த்தேன். இண்டெக்ஸ், தேடல் இரண்டுக்கும் அதே அனலைசர். புது இண்டெக்ஸ் உருவாக்கிக் கோப்புகளை மறுபடி ஏற்றியதும் எல்லாம் வந்தன. மற்ற தளத்தில் இதைச் சேர்க்க இடமே இல்லை. தேர்வு அங்கேயே முடிந்தது, நிம்மதி.