ஏஜென்ட் சர்வரை ஒழுங்காக நிறுத்துவது எப்படி

கோடிங் ஏஜென்ட்டை, அதாவது சொன்ன வேலைக்குத் தானே கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் ஏஐ கருவியை, சர்வராக ஓடவிடுவது ஒரு வரி வேலை. அப்படி ஒரு ஏஜென்ட்டான ஓப்பன்கோட் வைத்திருந்தால் 'ஓப்பன்கோட் சர்வ்' என்று அடித்தால் போதும், 127.0.0.1 முகவரியில் 4096 போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு டெர்மினலில் 'ஓப்பன்கோட் அட்டாச்', பின்னால் அந்த முகவரி போட்டு அதோடு பேசலாம். கிளாட் கோட், கோடெக்ஸ் போன்றவற்றையும் திரை இல்லாமல் ஸ்கிரிப்ட்டிலிருந்து ஓட்ட வழி இருக்கிறது. இதுவரை யாருக்கும் சிக்கல் வராது. அது எப்போது நிற்கும், நின்றால் யார் எழுப்புவது, எழுந்ததும் என்ன செய்யும் என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கமான எழுத்துகளிலேயே அடியுங்கள். என் மெஷின் 2 கோர், 4 ஜிபி ரேம், உபுண்டு. அதில் எப்போதும் இரண்டு ஏஜென்ட் ஓடும், சில நாள் மூன்று.

கண்முன்னே நடக்கும் வேலைக்கு டிமக்ஸ் போதும்; நாம் வெளியேறினாலும் டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் கருவி அது. பெயர் வைத்து ஒரு செஷன் திறந்து, உள்ளே ஏஜென்ட்டை ஓடவிட்டு, கன்ட்ரோல்-பி அழுத்தி டி தட்டினால் வெளியே வந்துவிடலாம். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் இணைப்பு) அறுந்தாலும் உள்ளே வேலை நடக்கும். ஆனால் மெஷின் ரீபூட் ஆனால் டிமக்ஸும் சேர்ந்து போய்விடும். அதனால் நாள்கணக்கில் ஓட வேண்டியதை, லினக்ஸில் சர்வீஸ்களை எழுப்பி நிறுத்தும் சிஸ்டம்டியிடம் ஒப்படைத்துவிட்டேன்.

ஹோம் டைரக்டரியில் டாட்-கான்ஃபிக், அதற்குள் சிஸ்டம்டி, அதற்குள் யூசர் என்ற ஃபோல்டர். அங்கே ஏஜென்ட்டுக்கு ஒரு சர்வீஸ் ஃபைல் எழுதுங்கள். எதை ஓட்டுவது என்று சொல்லும் எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் முழுப் பாதையைக் கொடுங்கள். டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் உங்கள் பாஷ்-ஆர்சி ஃபைலை சிஸ்டம்டி படிக்காது. என்விஎம் (நோட் பதிப்புகளை நிறுவும் கருவி) வழியாக நோட்.ஜேஎஸ் போட்டிருந்தால் டெர்மினலில் ஓடுவது சர்வீஸில் ஓடாது, ஸ்டேட்டஸில் 127 (கட்டளை கிடைக்கவில்லை) என்று காட்டும். கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் பாத் மாறியையும் ஃபைலிலேயே எழுதிவிட்டால் தீர்ந்தது. ஏபிஐ கீயைத் தனி என்விரான்மென்ட் ஃபைலில் போட்டு, உங்களைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அதற்கு 600 பர்மிஷன் கொடுங்கள். பிறகு 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் டெமன்-ரீலோட்', அடுத்து 'எனேபிள் --நவ்'.

இதோடு முடிந்தது என்று லேப்டாப்பை மூடினேன். மறுநாள் பார்த்தால் சர்வர் இல்லை. எரர் எதுவும் இல்லை, யாரோ சமத்தாக நிறுத்தியதுபோல் லாக் முடிந்திருந்தது. இரண்டு நாள் ஏஜென்ட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம். யூசர் சர்வீஸ்கள் அந்த யூசரின் கடைசி லாகின் முடிந்ததும் நிறுத்தப்படும், அதுதான் வழக்கம். 'லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர்' என்று ஒரே ஒரு முறை அடித்துவிட்டால் லாக்அவுட் ஆனாலும் நிற்காது, ரீபூட் ஆனாலும் தானே எழும்.

பணத்தைத் தின்ற கதை இனிமேல்தான். டெக்ஸ்ட் ஃபைலாகப் போட்ட வேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏஜென்ட்டிடம் கொடுக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, அதையும் சர்வீஸாக்கியிருந்தேன். ரீஸ்டார்ட் என்ற இடத்தில் 'ஆல்வேஸ்', இடைவெளி 30 வினாடி. இரவு 11 மணிக்குக் கொடுத்த ஒரு வேலையில் டெஸ்ட் ஓடும்போது மெமரி பொங்கி, கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதைக் கொன்றது. 30 வினாடியில் சிஸ்டம்டி எழுப்பியது. ஸ்கிரிப்ட் அதே வேலையை முதலிலிருந்து எடுத்தது. ஏஜென்ட் மறுபடி ரெப்போ (கோடு இருக்கும் ஃபோல்டர்) முழுக்கப் படித்து, திட்டம் போட்டு, டெஸ்ட்டை ஓட்டி, செத்தது. ஒரு சுற்றுக்குச் சுமார் 10 நிமிடம். காலை 6 மணிக்கு, எத்தனை முறை எழுப்பப்பட்டது என்று சொல்லும் என்-ரீஸ்டார்ட்ஸ் எண்ணைக் கேட்டுப் பார்த்தேன்: 41. ஏஜென்ட் படிப்பதற்கும் எழுதுவதற்கும் டோக்கன் கணக்கில் காசு; ஒரு மாதத்துக்கென்று ஒதுக்கியிருந்த அந்த டோக்கன் பணம் ஒரே இரவில் கையைக் கடித்துவிட்டுப் போயிருந்தது.

சிஸ்டம்டிக்கு ஒரு தடுப்பு இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது: 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் எழுப்பாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சாகும் ஒன்றுக்கு அந்தத் தடுப்பு எதற்கு? இடைவெளி 30 வினாடி என்று வைத்த கணமே அதை நானே செல்லாததாக்கிவிட்டேன். இப்போது ஸ்டார்ட்-லிமிட்-இன்டர்வெல்-செக் (கால அளவு) 2 மணி நேரம், ஸ்டார்ட்-லிமிட்-பர்ஸ்ட் (அதற்குள் எத்தனை முறை) 3. மூன்று முறை எழுந்து விழுந்தால் அதற்குமேல் படுத்தே கிடக்கட்டும். இவற்றை சர்வீஸ் ஃபைலின் யூனிட் பகுதியில் எழுத வேண்டும். இன்டர்வெல் வரியை சர்வீஸ் பகுதியில் எழுதினால் லாகில் ஒரு எச்சரிக்கை போட்டுவிட்டுக் கண்டுகொள்ளாமல் போகும். பிரச்சினையைச் சரிசெய்த பிறகு 'ரீசெட்-ஃபெயில்ட்' அடித்துவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள், இல்லாவிட்டால் அந்த 2 மணி நேரம் கடக்கும்வரை நீங்களே கேட்டாலும் எழுப்பாது.

கூடவே மெமரிக்கு உச்சவரம்பு: மெமரி-மேக்ஸ் 2500 எம். ஏஜென்ட் பொங்கினால் அதன் எல்லைக்குள்ளேயே சாகும், எஸ்எஸ்ஹெச் பிழைத்திருக்கும். ஸ்கிரிப்ட்டிலும் ஒரு மாற்றம்: வேலையை ஏஜென்ட்டிடம் கொடுப்பதற்கு முன்பே ஃபைலை 'நடக்கிறது' ஃபோல்டருக்கு நகர்த்திவிடுகிறேன். சர்வர் மறுபடி எழலாம், பாதியில் செத்த வேலை தானாக எழக்கூடாது. அதை நான் பார்த்துத்தான் திருப்பிப் போடுவேன். 40 நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்த, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் 'டைம்அவுட் 40எம்' வேறு.

அடுத்தது பேய்க் கதை. ஒரு ஏஜென்ட் சொன்ன பேச்சைக் கேட்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. எரிச்சலில் அதன் பிஐடியை (ப்ராசஸ் எண்) பார்த்து, உடனே கொல்லும் 'கில் -9' அடித்தேன். புதிதாக ஒன்றை எழுப்பினேன். அது டெவ் சர்வரை (எழுதும் ஆப்பைச் சோதிக்க ஓட்டும் சர்வர்) ஓட்டப் பார்த்தது. 3000 போர்ட்டில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று வந்ததும் சமர்த்தாக 3001-க்குப் போய்விட்டது. டெஸ்ட்டுகளோ 3000-ஐத்தான் கேட்டுக்கொண்டிருந்தன. அங்கே இருந்தது, நான் கொன்ற ஏஜென்ட் பெற்றுப்போட்ட பழைய டெவ் சர்வர், பழைய கோடுடன். ஏஜென்ட் சரியாக எழுதுகிறது, டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, சரியாக இருந்ததை மாற்றி எழுதுகிறது, மறுபடி ஃபெயில். ஒரு மணி நேரம் இப்படியே.

தாயைக் கொன்றால் பிள்ளைகள் தானாகச் சாவதில்லை. 'சிஸ்டம்சிடிஎல் --யூசர் ஸ்டாப்' அடித்தால் அந்த சர்வீஸின் சிகுரூப்பில் (அது பெற்ற ப்ராசஸ்கள் எல்லாம் சேர்ந்த கூட்டம்) இருக்கும் எல்லாவற்றுக்கும், முடித்துக்கொள் என்று சொல்லும் சிக்டெர்ம் போகும். 90 வினாடியில் அடங்காதவற்றுக்கு, கேட்காமலே கொல்லும் சிக்கில். நான் அந்த 90-ஐ 20 ஆகக் குறைத்திருக்கிறேன். 'ஸ்டேட்டஸ்' அடித்தால் அந்த சர்வீஸுக்குள் யார் யார் ஓடுகிறார்கள் என்று பட்டியலாகவே காட்டும். சந்தேகம் இருந்தால் 'எஸ்எஸ் -எல்டிஎன்பி', எந்த போர்ட்டில் யார் என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் ஒரு கிட் வொர்க்ட்ரீ, அதாவது அதே ரெப்போவிலிருந்து எடுத்த தனி வேலை ஃபோல்டர், கொடுங்கள். கிட் 2.5-லிருந்தே, அதாவது 2015-லிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஒரே பிராஞ்சை இரண்டு வொர்க்ட்ரீயில் எடுக்க கிட் விடாது, அதுவே பாதிச் சண்டையைத் தவிர்க்கிறது. போர்ட் எண்ணையும் ஒதுக்கிவிடுங்கள்: என்னிடம் 4101 போர்ட்டில் ஓடும் ஏஜென்ட்டின் டெவ் சர்வர் 3101, 4102-க்கு 3102. நோட்-மாட்யூல்ஸ் (ப்ராஜெக்ட்டுக்கு வேண்டிய லைப்ரரிகளின் ஃபோல்டர்) ஒவ்வொன்றிலும் தனித்தனியாக வந்து டிஸ்க்கை நிரப்பும், வேலை முடிந்ததும் 'வொர்க்ட்ரீ ரிமூவ்' போடுங்கள். கையால் அழித்துவிட்டால் 'வொர்க்ட்ரீ ப்ரூன்'.

வெளியிலிருந்து அணுக வசதியாக இருக்கட்டும் என்று 0.0.0.0-இல், அதாவது எல்லா நெட்வொர்க் முகவரிகளிலும், மட்டும் திறந்துவிடாதீர்கள். ஏஜென்ட் சர்வர் என்பது ஷெல்லில் எதையும் ஓட்டக்கூடிய ஒன்று. அந்த போர்ட்டைத் தொடுகிறவருக்கு உங்கள் மெஷினையே கொடுத்ததுபோல்தான். மெஷினுக்குள்ளிருந்து மட்டுமே தொடக்கூடிய 127.0.0.1-இலேயே இருக்கட்டும், லேப்டாப்பிலிருந்து 'எஸ்எஸ்ஹெச் -எல் 4096:127.0.0.1:4096', பின்னால் மெஷினின் பெயர் என்று டனல் போட்டுக்கொள்ளுங்கள். டாக்கரில் (ப்ரோகிராமைத் தனி கன்டெய்னருக்குள் ஓட்டும் கருவி) ஓட்டுகிறவர்கள் போர்ட்டின் முன்னால் 127.0.0.1 சேர்க்க வேண்டும். சும்மா போர்ட்டை மட்டும் கொடுத்தால் டாக்கர் தன் விதிகளைத் தானே எழுதிக்கொள்ளும், உபுண்டுவின் ஃபயர்வால் யூஎஃப்டபிள்யூ மூடியிருக்கிறது என்ற நம்பிக்கை உதவாது. ஏஜென்ட்டுக்குத் தனி யூசர், சூடோ (அட்மின் அதிகாரம்) கிடையாது, என் சொந்த எஸ்எஸ்ஹெச் கீயும் அந்தப் பக்கம் போகாது.

லாகுக்கு 'ஜர்னல்சிடிஎல் --யூசர் -யூ' சர்வீஸ் பெயர், கடைசியில் '-எஃப்'. அதை யாருக்காவது அனுப்புவதற்கு முன் படித்துப் பாருங்கள். ஏஜென்ட் ஒரு என்வ் ஃபைலை (கீகளை வைக்கும் என்விரான்மென்ட் ஃபைல்) திறந்திருந்தால் கீ அப்படியே அதில் கிடக்கும்.

காலையில் நான் மூன்று அடிக்கிறேன்: 'லிஸ்ட்-யூனிட்ஸ் --ஃபெயில்ட்', 'எஸ்எஸ் -எல்டிஎன்பி', 'கிட் வொர்க்ட்ரீ லிஸ்ட்'. பிறகு 'நடக்கிறது' ஃபோல்டரைத் திறந்து பார்ப்பேன். இன்று அதில் மூன்று ஃபைல்கள் கிடந்தன. சர்வீஸ் மூன்று முறை எழுந்து விழுந்து, இரவு 2 மணி 40-க்கே படுத்துவிட்டிருந்தது.