மேற்கு வெயிலுக்குக் கருங்கல் பலகை மறைப்பு: கிராஸ்ஹாப்பரில் பாராமெட்ரிக் மாடல் அமைக்கும் முறை

எண்ணை மாற்றினால் வடிவமும் தானாக மாறும் கணினி மாதிரிதான் பாராமெட்ரிக் மாடல். அதில் எந்த எண்ணை வேண்டுமானாலும் ஸ்லைடரில் நகர்த்தலாம். எந்த எண்ணை நகர்த்தக்கூடாது என்று முடிவு செய்வதில்தான் வடிவமைப்பே இருக்கிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் கல் பட்டறைகளில் ஒரே அளவில் 25 பலகை அறுத்து வாங்குவது சுலபம். ஒவ்வொன்றும் ஓர் அளவு என்றால் கூலியும் ஏறும், இறக்கும்போது எது எங்கே என்ற குழப்பமும் சேரும். அதனால் இங்கே பலகையின் நீளம், அகலம், தடிமன் மூன்றும் மாறாது. நிறுத்தும் கோணம் மட்டும் மாறும்.

எடுத்துக்கொண்ட சுவர் 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், நேர் மேற்கு பார்த்தது, நடுவில் ஒரு ஜன்னல். மறைப்புக்குச் சுவருக்கு வெளியே நிமிர்த்தி நிறுத்தும், 450 மி.மீ. அகலம், 40 மி.மீ. தடிமன் உள்ள பலகைகள், 250 மி.மீ. இடைவெளியில்.

முதலில் வெயிலைப் பார்ப்போம். கிருஷ்ணகிரியின் அட்சரேகை 12.5 டிகிரி. மார்ச் 20 வாக்கில், சூரிய நேரம் மாலை 4 மணிக்கு வெயில் கிட்டத்தட்ட நேர் மேற்கிலிருந்து வருகிறது. தெற்கே சாய்வது வெறும் 7 டிகிரி. சுவருக்குச் செங்குத்தாக நிறுத்திய பலகை அந்த வெயிலை அநேகமாகத் தடுக்கவே தடுக்காது. மே மாதம் சூரியன் மேற்கிலிருந்து 16 டிகிரி வடக்கே போய்விடும். டிசம்பரில் 32 டிகிரி தெற்கே. எனவே பலகையின் வெளி விளிம்பைத் தெற்கே சாய்க்க வேண்டும். கோடை வெயில் அடைபடும், மார்கழிக் குளிருக்கு இளவெயில் உள்ளே வரும். வடக்கே சாய்த்தால் இது அப்படியே தலைகீழாகும்.

ஒரு பலகை சுவரின் நீளத்தில் மறைக்கும் அகலம்:
ஆழம் × (சைன் கோணம் + காஸ் கோணம் × டான் சூரியவிலகல்)
ஆழம் என்பது பலகையின் 450 மி.மீ. அகலம். கோணம் என்பது சுவருக்குச் செங்குத்தான நிலையிலிருந்து பலகை தெற்கே சாயும் அளவு. சூரியன் மேற்கிலிருந்து வடக்கே விலகினால் கூட்டல், தெற்கே என்றால் கழித்தல். மார்ச்சில் மாலை 4 மணிக்கு 45 டிகிரிப் பலகை 279 மி.மீ. மறைக்கும், 250 இடைவெளிக்கு அது தாராளம். 30 டிகிரியில் 177 தான், மீதி 73 மி.மீ. வெயில் உள்ளே விழும். ஜன்னலுக்கு நேரே வெளியே பார்வை வேண்டுமென்றால் இந்த 73-ஐ ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது, கிருஷ்ணகிரி 78.2-இல் இருக்கிறது. ஆகவே சூரியன் சுமார் 17 நிமிடம் பிந்தித்தான் வரும். மார்ச்சில் இன்னும் 7 நிமிடம் சேரும். அதாவது சூரிய நேரம் 4 மணி என்பது அப்போது கடிகாரத்தில் சுமார் 4.24. தர்மபுரிக்கும் இந்த எண்களையே வைத்துக்கொள்ளலாம்.

ரைனோ என்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் கோப்பைத் திறந்ததும் யூனிட்டை மில்லிமீட்டரில் வையுங்கள். பாதியில் மாற்றினால் வரைந்த கோட்டின் அளவு மாறலாம், ஸ்லைடரில் உள்ள எண் மாறாது. பாராமெட்ரிக் மாடல் அமைக்கும் கருவியான கிராஸ்ஹாப்பர் ரைனோ 6 முதல் உள்ளேயே வருகிறது; 90 நாள் இலவசச் சோதனைப் பதிப்பு இந்த வேலைக்குப் போதும்.

ரைனோவின் உலக அச்சில் ஒய் வடக்கு, எக்ஸ் கிழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்கு வெளியே 100 மி.மீ. தள்ளித் தரைமட்டத்தில் 6000 நீளக் கோடு ஒன்று வரையுங்கள். அந்த 100 காற்றோட்டத்துக்கு. பகலெல்லாம் காய்ந்த கல் சுவரோடு ஒட்டியிருந்தால் சூட்டை அதற்குள்ளேயே இறக்கும். கோட்டைச் சமத் துண்டுகளாக்கும் ‘டிவைட் கர்வ்’ உறுப்பில் கொடுத்து எண்ணிக்கை 24 என்று வையுங்கள். 24 துண்டுக்கு 25 புள்ளி கிடைக்கும். 25 என்று கொடுத்தால் 26 புள்ளி வரும், இடைவெளி 240 ஆகிவிடும்.

ஒவ்வொரு புள்ளியிலும் தரைக்கு இணையான தளமான ‘எக்ஸ்ஒய் பிளேன்’, அதன்மேல் பெட்டி வடிவம் தரும் ‘டொமைன் பாக்ஸ்’: எக்ஸ் -450 முதல் 0, ஒய் -20 முதல் 20, இசட் 0 முதல் 3000. பிறகு அதே பிளேனைச் சுற்றி ‘ரொட்டேட்’. நேர்க்குறிக் கோணம் கொடுத்தால் வெளி விளிம்பு தெற்கே போகும். கோண உள்ளீட்டில் வலது கிளிக் செய்து டிகிரியைத் தேர்ந்தெடுங்கள். மறந்தால் எண் ரேடியன் என்ற வேறு கோண அளவாகக் கணக்காகிப் பலகைகள் சம்பந்தமில்லாத திசையில் நிற்கும்.

கோணத்தை ஜன்னல் நடுப்புள்ளியிலிருந்து உள்ள தூரம் தீர்மானிக்கட்டும். 0 முதல் 3000 வரையான தூரத்தை ‘ரீமேப் நம்பர்ஸ்’ வழியாக 30 முதல் 50 டிகிரிக்கு மாற்றுங்கள். அந்தப் புள்ளியும் தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும். ஜன்னல் உயரத்தில் வைத்தால் உயரமும் தூரத்தில் கலந்து 30 டிகிரிப் பலகை ஒன்றுகூட வராது. அடுத்து 5-ஆல் வகுத்து, ‘ரவுண்ட்’ செய்து, மீண்டும் 5-ஆல் பெருக்குங்கள். 31.67, 33.33 என்றெல்லாம் கொத்தனார் நிறுத்தப்போவதில்லை. இப்போது ஐந்தே கோணங்கள்: 30-இல் 3 பலகை, 35, 40, 45-இல் ஆறாறு, 50-இல் 4. தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அலை மாதிரியான ஓட்டம் அப்படியே இருக்கும்.

கதவு வருகிற இடத்தில் சில புள்ளிகளை நீக்க நேரலாம். அப்போது கோணப் பட்டியலிலும் அதே இடங்களை நீக்குங்கள். இரண்டு பட்டியலின் நீளம் வேறானாலும் கிராஸ்ஹாப்பர் பிழை என்று சிவப்புக் காட்டாது. நீக்கிய பலகையின் கோணத்தைச் சத்தமில்லாமல் அடுத்த பலகைக்குப் போட்டுவிடும். இந்த வகை மாடலில் மிகவும் ஆபத்தான தவறு இதுதான். பட்டியலைக் காட்டும் ‘பேனல்’ வைத்து இரண்டின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நிழலைச் சோதிக்கத் தனி பிளக்-இன் தேவையில்லை. மாலை 4 மணிக்குச் சூரியன் இருக்கும் திசை (எக்ஸ், ஒய், இசட் வரிசையில்) மார்ச்சில் (-0.866, -0.108, 0.488), மே 20 வாக்கில் (-0.814, 0.232, 0.533), டிசம்பர் 21-இல் (-0.794, -0.488, 0.362). பெட்டிகளை மெஷ் (சிறு முகங்களால் ஆன வலைப்பரப்பு) ஆக்கி, நிழலைக் கணக்கிடும் ‘மெஷ் ஷேடோ’வில் கொடுங்கள், அது கேட்பது ஒளி போகும் திசை, அதனால் மூன்று எண்களுக்கும் குறியை மாற்றுங்கள். மேலேயிருந்து இறங்கும் 2 மணி வெயிலுக்கு இந்தப் பலகைகள் போதாது, 600 மி.மீ. சன்ஷேடு மேலே கட்டாயம் வேண்டும். பலகையின் தலை அமரும் இடமும் அதுவே: 100 இடைவெளியும் 30 டிகிரிப் பலகையின் நீட்டலும் சேர்த்து 500 ஆகிறது.

எடையையும் மாடலிலேயே கணக்கிடுங்கள். கன அளவைக் கன மீட்டராக மாற்றி 2700-ஆல் (ஒரு கன மீட்டர் கல்லின் கிலோ எடை) பெருக்கினால் முழுப் பலகை ஒன்று 146 கிலோ. ஆள் தூக்கி நிறுத்த முடியாத கனம் இது. மூன்று மீட்டர் நீளம் எல்லாப் பாளத்திலும் கிடைப்பதுமில்லை. 1500 நீளத்தில் இரண்டாக்கினால் 73 கிலோ. மொத்தம் 3.6 டன், அடியில் தாங்கும் கான்கிரீட் நீட்டலை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்தே ஆக வேண்டும். 12 மி.மீ. ஸ்டெயின்லெஸ் பின்னுக்கு 14 மி.மீ. துளை போட்டால் 40 தடிமனில் இருபுறமும் 13 மி.மீ. கல் மிஞ்சும். 30 தடிமனில் 8 தான், ஓரம் பெயர்ந்துவிடும். ஒவ்வொரு முனையிலும் இரண்டு பின் வையுங்கள். ஒன்று மட்டும் என்றால் பலகை திரும்பும்.

வரைபடத்தில் கோணத்தை எழுதி அனுப்பாதீர்கள். டேப்பால் அளக்கிற எண்ணாக மாற்றிக் கொடுங்கள். உள் விளிம்பின் நடுவிலிருந்து வெளி விளிம்பின் நடு எவ்வளவு தெற்கே, எவ்வளவு வெளியே:

30 டிகிரி: தெற்கே 225, வெளியே 390
35 டிகிரி: 258, 369
40 டிகிரி: 289, 345
45 டிகிரி: 318, 318
50 டிகிரி: 345, 289

இந்த ஐந்துக்கும் பிளைவுட்டில் அச்சு வெட்டி, அதிலேயே பின் துளைகளையும் குறித்துவிட்டால் அடியிலும் தலையிலும் ஒரே குறி விழும். தூக்குக்குண்டு விட்டு ஒத்துப்பார்த்தால் போதும். 40 மி.மீ. தடிமன் என்று சொன்ன பலகை 38-ஆகவும் வரும், 42-ஆகவும் வரும். அதனால் அச்சின் காடியை 44 அகலத்தில் வெட்டி, பலகையின் நடுக்கோட்டை அச்சின் நடுக்கோட்டோடு சேருங்கள். விளிம்பை வைத்துச் சேர்த்தால் வரிசை மேலும் கீழும் ஒத்து வராது.