கேம்பர்வேனில் ஒரு நாள்: நரூமாவிலிருந்து ஈடன் வரை தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிட்னியில் கேம்பர்வேன் (உள்ளே படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டி) வாடகைக்கு எடுத்துத் தெற்கே போகும் நம் குடும்பங்கள் பலவும் செய்கிற பெரிய தவறு, வண்டிச் சாவி கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. தெற்குக் கடலோர ஊரான ஈடன் சிட்னியிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர். காலையில் கிளம்பி, ஹெலன்ஸ்பர்க் கோயிலில் கும்பிட்டு, கயாமாவில் பாறைத் துளை வழியாகக் கடல் பீறிடுவதைப் பார்த்துவிட்டு, இரவுக்குள் ஈடன் என்று திட்டம் போடுகிறார்கள். காரில் போனாலே அது களைப்பான நாள். கேம்பர்வேன் மேட்டில் மெதுவாக ஏறும், வளைவில் ஆடும், நிறுத்த இடம் தேட வைக்கும். வரைபடம் காட்டும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கையாவது கூட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வழியில் வரும் கடலோர ஊரான நரூமாவோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கே 340 கிலோமீட்டருக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து ஈடன் வரை நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அந்தத் தூரத்துக்குள் கடலோர ஊர்களும் பால்பண்ணை ஊர்களும் மாறி மாறி வருகின்றன. அதற்கு ஒரு முழு நாளைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

சாயங்காலத்தை வைத்து அந்த நாளைத் திட்டமிடுங்கள்

இதை மட்டும் சரியாகச் செய்தால் மற்ற தவறுகளில் பாதி தானாகவே விலகிவிடும். இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அப்புறம் அங்கிருந்து பின்னோக்கி மற்ற ஊர்களை அடுக்குங்கள். ஜூன் மாதத்தில் இந்தப் பக்கம் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். டிசம்பர் கடைசியில் 8 மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். கோடையில் போட்ட திட்டத்தை வைத்துக் குளிர்காலத்தில் போனால் மூன்று மணி நேரம் காணாமல் போகும்.

இருட்டில் ஏன் ஓட்டக் கூடாது? கங்காரு, அதைப் போலவே சிறிதான வாலபி, வொம்பாட் எல்லாம் அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும்தான் சாலையோரப் புல்லுக்கு வருகின்றன. ஒரு கங்காரு தாண்டினால் அதன் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். வொம்பாட் குட்டையான, கெட்டியான பிராணி. இருட்டில் கண்ணுக்கே தெரியாது, மோதினால் வண்டியின் அடிப்பாகம் போய்விடும். குறுக்கே ஏதாவது வந்தால் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பாமல், நேராகப் பிடித்தபடி பிரேக் போடுங்கள். உயரமான வண்டியைச் சட்டென்று திருப்பினால் மரத்தில் மோதும், அல்லது கவிழும். இதனால்தான் பல வாடகை ஒப்பந்தங்களில், ஊருக்கு வெளியே இருட்டிய பின் ஓட்டி விலங்கின் மேல் மோதினால் காப்பீடு கிடையாது என்று எழுதியிருக்கும். கையெழுத்துப் போடுமுன் அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

மோதியே விட்டால், பாதுகாப்பாக வண்டியை ஓரம் கட்ட முடியும் என்றால் நின்று பாருங்கள். தாய் இறந்திருந்தாலும் அதன் வயிற்றுப் பையில் குட்டி உயிரோடு இருக்கக்கூடும். வயர்ஸ் என்ற வனவிலங்கு மீட்பு அமைப்பை 1300 094 737 என்ற எண்ணில் கூப்பிட்டால் என்ன செய்வதென்று சொல்வார்கள். பார்க்காமல் போய்விடுவது பெரும் பாவம்.

எங்கே வேண்டுமானாலும் தூங்கலாம் என்ற நினைப்பு

வண்டிக்குள் கட்டில் இருக்கிறது, கடற்கரையோரம் நிறுத்திப் படுத்தால் என்ன என்று தோன்றும். இந்தக் கரையோர வாகன நிறுத்தங்களில் பலவற்றில் இரவு தங்கத் தடை உண்டு. பலகையைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அபராதம் குறையாது. முறையான இடங்கள் மூன்று வகை: காரவன் பார்க் (கட்டணம் கட்டி வண்டியை நிறுத்தித் தங்கும் இடம்), தேசியப் பூங்காவின் முகாம், நாட்டுப்புற ஊர்களின் கண்காட்சி மைதானம். கடைசி வகையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. வருடத்துக்கு ஒரு முறை விவசாயக் கண்காட்சி நடக்கும் இடம் அது. பல ஊர்களில் மற்ற நாட்களில் குறைந்த கட்டணத்துக்கு வண்டி நிறுத்த விடுகிறார்கள், அந்தப் பணமும் ஊருக்கே போகிறது.

தேசியப் பூங்காவில் தங்க ஆசையிருந்தால், ஈடனுக்கு முன் வரும் கடலோர ஊரான தாத்ராவுக்கு வடக்கே மிமோசா ராக்ஸ் பூங்காவில் கில்லார்ட்ஸ், அரகன்னு போன்ற முகாம்கள் உள்ளன. கடல் சத்தம் கேட்டபடி தூங்கலாம். ஆனால் முன்பதிவை ஊரிலேயே முடித்துவிடுங்கள், அங்கே போய்ச் செய்துகொள்ளலாம் என்றால் போனில் சிக்னல் இருக்காது. குடிநீரையும் கையோடு கொண்டுபோக வேண்டும். இன்னொன்று, இப்படிப்பட்ட முகாம்களுக்குக் கடைசியில் மண்சாலை வரும். வாடகை வண்டியை மண்சாலையில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தம் சொல்லலாம், முகாமுக்குப் போகும் பாதைக்கு மட்டும் விலக்கும் தரலாம். கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வழியில்

நரூமாவில் காலையில் மில் பே மரப்பாலத்தில் நடங்கள். வாகோங்கா கழிமுகத்தின் தண்ணீர் அவ்வளவு தெளிவு. அங்கேயே மதியம் வரை உட்கார்ந்துவிட வேண்டாம், ஏனென்றால் அடுத்து வரும் ஊர்கள் சீக்கிரம் கதவடைப்பவை. நாட்டுப்புறக் காபிக்கடைகளில் சமையலறை பிற்பகல் 2 மணிவாக்கில் மூடிவிடும். இரவுச் சாப்பாடு பப்பிலோ கிளப்பிலோ கிடைக்கும், அதுவும் 8 மணிக்கு மேல் கேட்டால் சந்தேகம்தான். புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிக்கொண்டு போவது நல்ல யோசனை. ஆனாலும் ஒரு வேளையாவது அந்த ஊர்க் கடையில் சாப்பிடுங்கள். கொபார்கோ போன்ற ஊருக்கு அது உண்மையான உதவி. 2019 டிசம்பர் 31 அதிகாலையில் காட்டுத்தீ அந்த ஊரின் பிரதான வீதிக்குள்ளேயே புகுந்து கடைகளை எரித்தது. அங்கே இறங்காமல் கடந்து போவதும் என் கணக்கில் தவறுதான்.

அதற்கு முன்னால் வருவது சென்ட்ரல் டில்பா. குலாகா மலையின் அடிவாரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் மரவீடுகள் அப்படியே நிற்கும் சின்ன ஊர். குலாகா, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான யூயின் மக்களின் புனித மலை, அந்த மரியாதையோடு போக வேண்டிய இடம். வீதி குறுகலானது. நீளமான வண்டியை அதற்குள் நுழைத்துத் திருப்பப் பார்க்காதீர்கள், ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நாட்டுப்புற ஊர்களில் வண்டியின் பின்பக்கம் நடைபாதையைப் பார்க்கும்படி சாய்வாக நிறுத்தச் சொல்லும் பலகைகளையும் பார்ப்பீர்கள். முன்பக்கமாக நுழைத்தால் அபராதம். கேம்பரின் வால் நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

கடலோர ஊரான பெர்மகூயியிலிருந்து தாத்ராவுக்குப் போகும் கடலோரச் சாலை அழகானது, ஆனால் எல்லா வண்டிக்கும் ஏற்றதல்ல. வழியில் குட்டகீ ஏரியின் மேல் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய பழைய மரப்பாலம் இருக்கிறது. எடை வரம்பு பலகையில் எழுதியிருக்கும். தண்ணீரும் ஆட்களும் சாமானும் சேர்த்து உங்கள் வண்டியின் மொத்த எடை எவ்வளவு என்று தெரியாமல் அதில் ஏற வேண்டாம். சந்தேகம் இருந்தால் கொபார்கோ வழியாக நெடுஞ்சாலையிலேயே பீகா ஊருக்குப் போய்விடலாம். பச்சை மேய்ச்சல் நிலமும் மாடுகளுமாக அந்த வழியும் கண்ணுக்குக் குளிர்ச்சிதான்.

கான்பராவிலிருந்து கூமா வழியாக இறங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நிம்மிடபெல் தாண்டி பெம்போகாவுக்கு இறங்கும் பிரௌன் மவுண்டன் மிகச் செங்குத்தானது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். உச்சியிலேயே கியரைக் குறைத்து, எஞ்சின் வண்டியைப் பிடிக்கும்படி இறங்குங்கள்.

கடலும் நெருப்பும்

சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். கொடி இல்லை என்றால் நீரில் தத்தளிப்பவரை மீட்கும் காவலரும் இல்லை. செப்டம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான் காவல் பருவம், அப்போதும் எல்லாக் கடற்கரையிலும் இருக்க மாட்டார்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் கருநீல இடம்தான் பல நேரம் உள்ளே இழுக்கும் நீரோட்டம். குழந்தைகளோடு குளிக்க ஆசை என்றால் பெர்மகூயியில் பாறைக்கடியில் கட்டிய புளூ பூல் இருக்கிறது. அலை பெரிதாக இருக்கும் நாளில் அதையும் விட்டுவிடுங்கள்.

கோடையில் கிளம்புமுன் ஹசார்ட்ஸ் நியர் மீ செயலியில் தீ நிலவரம் பாருங்கள். தாத்ராவில் 2018 மார்ச்சில் ஒரே பிற்பகலில் பல பத்து வீடுகள் எரிந்தன. முழுத் தீத்தடை அறிவித்த நாளில் விறகு மூட்டக் கூடாது, வெளியே கேஸ் அடுப்பு வைப்பதற்கும் நிபந்தனை உண்டு. சிக்னல் போகும் இடங்களில் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் உள்ளூர் வானொலிதான் துணை, அதன் அலைவரிசையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். அவசர எண் 000.

ஈடனில்

ஈடனில் ஓல்ட் டாம் என்ற ஓர்க்காவின் (கொலைகாரத் திமிங்கலம் என்று சொல்வார்கள்) எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டூஃபோல்ட் விரிகுடாவில் திமிங்கல வேட்டைக்காரர்களோடு சேர்ந்து வேட்டையாடிய கூட்டத்தைச் சேர்ந்தது, 1930-இல் இறந்தது. சாயங்காலம் சாவகாசமாக வந்து பார்க்கலாம் என்று நினைத்தால் கதவு மூடியிருக்கும். அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கிளம்பும் முன் வண்டியை ஒரு சுற்று நடந்து பாருங்கள். மின்கம்பி சொருகியபடி, படிக்கட்டு நீட்டியபடி, கூரை ஜன்னல் திறந்தபடி கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. கேஸை மூடுங்கள், குறிப்பாகப் பெட்ரோல் போடப் போகும்போது. எந்த எரிபொருள் என்று மூடியில் படித்த பிறகே குழாயைக் கையில் எடுங்கள். கழிவறைத் தொட்டியைப் பொதுக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். அதற்கென்றே டம்ப் பாயின்ட் இருக்கிறது, எங்கே என்று காரவன் பார்க் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.